கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம்: இதன் உயிர் இயன் மெக்டொனால்ட் என்பது என் கட்சி

மழைக்காது எழுதியது:

கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ பற்றிப் பேச்செடுத்தாலே கிட்டார்காரர் ராபர்ட் ஃபிரிப்பில் தொடங்கி ஃபிரிப்பில்தான் முடிகிறது. அதில் தப்பில்லை. 2021 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கடைசிக் கச்சேரி வரை குழுவின் பெயரை விடாமல் சுமந்தவர் அவர். ஆனால் 1969 அக்டோபர் 10 அன்று வெளிவந்த இந்த ஒரு இசைத்தட்டை மட்டும் தனியே எடுத்து வைத்துக் கேட்டால், இதன் உயிர் இயன் மெக்டொனால்ட்தான். இருபது வருடமாகக் கேட்கிறேன். வருடம் போகப் போக இந்த எண்ணம் உறுதிப்பட்டுக்கொண்டேதான் வருகிறது.

அட்டையில் யார் என்ன வாசித்தார்கள் என்று பாருங்கள். ஃபிரிப்புக்குக் கிட்டார். கிரெக் லேக்குக்கு பாஸ், பாட்டு. மைக்கேல் ஜைல்ஸுக்கு டிரம்ஸ். பீட்டர் சின்ஃபீல்டுக்குப் பாடல் வரிகளும் மேடை விளக்குகளும். மெக்டொனால்டிடம் வந்தால் மூச்சு வாங்கும்: சாக்ஸஃபோன், புல்லாங்குழல், கிளாரினெட், பாஸ் கிளாரினெட், மெல்லோட்ரான், ஹார்ப்சிகார்ட், பியானோ, ஆர்கன், வைப்ரஃபோன் (குச்சியால் தட்டி வாசிக்கும் உலோகப் பட்டை வாத்தியம்). அப்போது அவருக்கு வயது 23. அதற்கு முன் சுமார் ஐந்து வருடம் பிரிட்டிஷ் ராணுவ பேண்டில் இருந்தவர். நொட்டேஷன் பார்த்து வாசிக்கவும், ஒரே ராகத்தைப் பல வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் அங்கே கைப்பழக்கம் வந்துவிட்டது. சின்ஃபீல்டை இந்தக் குழுவுக்குக் கொண்டு வந்ததும் அவர்தான். வாத்தியங்கள் வாங்கக் கடனாகக் கிடைத்த பணம்கூட அவருடைய உறவினர் வீட்டிலிருந்து வந்தது.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். முதல் பாட்டு ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்’ தொடங்கும்போது அரை நிமிடத்துக்கு ஏதோ மூச்சிரைப்பது போல மெல்லிய சத்தம் மட்டும் வரும். என்ன சத்தம் என்று தெரியாமல் வால்யூமை ஏற்றுவீர்கள். ஏற்றிய கையை எடுப்பதற்குள் அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டு, வந்து விழும். கிட்டாரும் சாக்ஸும் ஒரே சுரத்தில் ஒட்டிக்கொண்டு, எது கம்பி, எது பித்தளை என்று பிரிக்க முடியாமல். ரிஃப்பின் முதல் சில சுரங்கள் லேக்குடையவை, மற்றதெல்லாம் பெரும்பாலும் மெக்டொனால்டின் யோசனை என்று ஃபிரிப்பே சொல்லியிருக்கிறார். நடுவில் நான்கு பேரும் சேர்ந்து ஓடி, நின்று, மறுபடி ஓடும் பகுதி இருக்கிறதே, அது ராக் குழு வாசிக்கிற மாதிரியே இருக்காது. பெரிய ஜாஸ் பேண்டின் பித்தளைப் பிரிவு வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்தப் புத்தி ராணுவ பேண்டில் இருந்தவருக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தப் பாட்டு நொறுங்கி முடிந்ததும், ஒரு மூச்சு விடும் நேரத்தில், ‘ஐ டாக் டு த விண்ட்’ புல்லாங்குழலில் தொடங்குகிறது. இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். வியட்நாம் போர், நேபாம், அரசியல்வாதிகள் என்று ஏழு நிமிடம் கத்திவிட்டு, திடீரென்று யாரோ வாசலைத் திறந்து உங்களை வெளியே காற்றாட உட்கார வைத்தது போல. லேக் குரலை உயர்த்துவதே இல்லை. ஜைல்ஸ் சிம்பலைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். பாட்டு முடிந்த பிறகும் குழல் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும், முடிக்க மனசில்லாத மாதிரி. இந்தப் பாட்டும் தலைப்புப் பாட்டும் மெக்டொனால்டும் சின்ஃபீல்டும் எழுதியவை. மற்ற மூன்றும் ஐந்து பேர் பெயரிலும் இருக்கின்றன.

‘எபிடாஃப்’, ‘மூன்சைல்ட்’ பற்றித் தனியாக எழுத வேண்டும். முதலில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

கருந்தட்டு எழுதியது:

நல்ல இழை தம்பி. மெக்டொனால்டைப் பற்றி யாராவது இப்படி எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். இந்தக் குழு முதன்முதலாக ஒத்திகை பார்த்தது 1969 ஜனவரி 13, லண்டன் ஃபுல்ஹாம் பேலஸ் ரோட்டில் ஒரு காபிக் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில். ஏப்ரல் 9 அன்று ஸ்பீக்ஈஸி கிளப்பில் முதல் கச்சேரி. ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால், லட்சக்கணக்கான ஜனங்கள் எதிரே. அதாவது ஆறு மாதம்கூட ஆகவில்லை, கடையில் ஒரு தட்டுகூட இல்லை. அந்த மாதமே வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆகஸ்டில் முடித்துவிட்டார்கள். முதலில் மூடி ப்ளூஸ் குழுவின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். அது சரிப்படவில்லை. பிறகு தாங்களே தயாரிப்பாளர்களாகிவிட்டார்கள். இருபத்து சொச்சம் வயதுப் பையன்கள், முதல் ஆல்பம், பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை. அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

டிசம்பரில் அமெரிக்கப் பயணத்தோடு மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகினார்கள். நீங்கள் வேண்டுமானால் இருங்கள், நான் போகிறேன் என்று ஃபிரிப் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. நிலவறையில் ஆரம்பித்து பதினோரு மாதம், அவ்வளவுதான் அந்தக் குழுவின் ஆயுள்.

---

எதிர்ப்பாட்டு எழுதியது:

எனக்கும் இந்த ஆல்பம் பிடிக்கும். ஆனால் இதை மலையுச்சியில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிரிம்சனின் உச்சம் 1974இல் வந்த ‘ரெட்’. அதில் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. இதில் ‘மூன்சைல்ட்’ இருக்கிறது. 12 நிமிடப் பாட்டில் பாட்டு இரண்டரை நிமிடம்தான். மீதி ஒன்பதரை நிமிடமும் டிங் டிங் என்று எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார்கள். தட்டின் இரண்டாம் பக்கத்தில் பாதிக்கு மேல் அதுதான். பாட்டு பற்றாமல் இடத்தை நிரப்பியிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். மேடையில் செவ்வியல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் ‘மார்ஸ்’ வாசித்துக் கூட்டத்தை மிரட்டிக்கொண்டிருந்த குழு இது. அதைப் போட்டிருக்கலாமே?

இன்னொன்று. 2009இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனும் ஃபிரிப்பும் புது மிக்ஸ் செய்தபோது ‘மூன்சைல்டை’ மூன்று நிமிடம் போல வெட்டினார்கள். செய்தவர்களே வெட்டினால் அதற்கு என்ன அர்த்தம்?

---

புதுச்செவி எழுதியது:

நான் இந்த வகை இசைக்குப் புதிது. போன வாரம்தான் முதல் முறை கேட்டேன். ‘எபிடாஃப்’ முடிந்தபோது கண் கலங்கிவிட்டது. அடுத்து ‘மூன்சைல்ட்’ நன்றாகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றுபோன மாதிரி ஆனது. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொறுமையில்லாமல் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டேன். அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்வீர்களா அண்ணா?

இன்னொரு கேள்வி. ‘எபிடாஃப்’ பாட்டில் வயலின்கள் மாதிரி பின்னால் எழுந்து வருகிறதே, அது உண்மையான ஆர்க்கெஸ்ட்ராவா?

---

விசைப்பலகை எழுதியது:

புதுச்செவி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் கீபோர்டு கற்றுக்கொண்டேன்.

அது மெல்லோட்ரான். பர்மிங்ஹாமில் செய்த கருவி. பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும், உள்ளே முழுக்க டேப். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு நாடா தொங்கும். அதில் அந்தச் சுரத்தை நிஜ வயலின்காரர்கள் வாசித்துப் பதிந்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஹெட்டின் மேல் ஓடும். சுமார் எட்டு நொடி ஓடும், அதோடு நாடா தீர்ந்துவிடும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை மறுபடி ஆரம்பத்துக்கு இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு கார்டை எட்டு நொடிக்கு மேல் பிடிக்கவே முடியாது. விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். நிறையக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறிச் சுருதி லேசாக இறங்கும்.

இப்போது ‘எபிடாஃப்’ கேளுங்கள். கார்டுகள் மெல்ல மாறுகின்றன, ஆனால் எதுவும் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்பதில்லை. ஓர் அலை எழும், தணியும், அடுத்தது எழும். கருவியின் குறையைத் தெரிந்துகொண்டு அதற்குள்ளேயே வாசித்திருக்கிறார் மெக்டொனால்ட். அந்தச் சுருதி நடுக்கம்தான் அந்தப் பாட்டின் பயத்தைத் தாங்குகிறது என்று நான் நினைக்கிறேன். நிஜ ஆர்க்கெஸ்ட்ரா வாசித்திருந்தால் கம்பீரமாக இருந்திருக்கும். இப்படி உள்ளுக்குள் ஆட்டம் காட்டியிருக்காது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று அழப்போகிறவன் பாட்டு அது. பின்னால் நிற்கிற சுவரும் ஆட வேண்டும் அல்லவா?

நடுவில் பாட்டு அடங்கி, அணிவகுப்பு மாதிரி மெல்ல நடக்கும் ஒரு பகுதி வரும். அங்கே ரொம்பத் தாழ்வாகக் கிளாரினெட் கேட்கும். ஸ்பீக்கரில் பிடிபடாது, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

---

நடைதாளம் எழுதியது:

மெக்டொனால்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவன் என்ற முறையில் மைக்கேல் ஜைல்ஸுக்காக நான் எழுந்து நிற்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தலைப்புப் பாட்டை எடுங்கள். ஒரே ராகம் திரும்பத் திரும்ப வருகிறது, பெரிய மாற்றமே இல்லை. வேறு யாராவது வாசித்திருந்தால் ஒன்பது நிமிடம் அலுத்திருக்கும். ஜைல்ஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் வேறு வேறு ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் சின்னத் தாளத் துண்டு, வாசிக்கிறார். ஒன்றுகூட மற்றதைப் போல இல்லை. சில இடத்தில் டாம் டிரம்மில் உருட்டிக்கொண்டு வந்து, ஒன்றாம் தட்டு விழ வேண்டிய இடத்தில் சும்மா விட்டுவிடுவார். அந்த இடைவெளியில் மெல்லோட்ரான் ஏறும். நான் அந்த ஃபில்களை ஒவ்வொன்றாக எழுதி வாசித்துப் பார்த்தேன், இரண்டு மாதம் ஆனது. சுரம் சுரமாகப் பிடித்துவிடலாம். அந்த மெத்து வராது. குச்சி தோலில் பட்டதும் உடனே எழும்பிவிட வேண்டும். என் கை அழுத்திக்கொண்டே நிற்கிறது.

‘ஸ்கிட்ஸாய்ட் மேன்’ நடுப்பகுதியில் எல்லாரும் ஒன்றாக வாசிக்கலாம் என்று யோசனை சொன்னவர் ஜைல்ஸ்தான் என்றும் ஃபிரிப் சொல்லியிருக்கிறார், அதையும் கணக்கில் சேருங்கள் மழைக்காது.

---

மழைக்காது எழுதியது:

நடைதாளம், சேர்த்துவிட்டேன். ஜைல்ஸ் இல்லாமல் இந்த ஆல்பம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தே விலகினார்கள் என்பதும் அதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

எதிர்ப்பாட்டு நண்பரே, ‘மூன்சைல்ட்’ பற்றி உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

முதலில் வெட்டு விஷயம். 2009 பதிப்பில் வெட்டியது உண்மை. அதே பதிப்பில் முழு வடிவத்தையும் கூடுதல் பாட்டாகச் சேர்த்தார்கள் என்பதும் உண்மை. வேண்டாம் என்று தூக்கிப் போட்டிருந்தால் அதை ஏன் சேர்க்க வேண்டும்?

இடம் நிரப்புவது என்பதற்கு வருகிறேன். அந்த ஒன்பதரை நிமிடத்தில் ஃபிரிப்பின் கிட்டார், மெக்டொனால்டின் வைப்ரஃபோன், ஜைல்ஸின் தாள வாத்தியங்கள், இவை மட்டும்தான். முன்கூட்டி எழுதாமல் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கிறார்கள். ஃபிரிப் இரண்டு சுரம் வைப்பார். வைப்ரஃபோன் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போகும். ஜைல்ஸ் எங்கோ ஒரு மூலையில் விரலால் தட்டுவது போல ஒரு சத்தம் போடுவார், மற்ற இருவரும் உடனே நின்றுவிடுவார்கள். ஓர் இடத்தில் ‘ஒக்லஹோமா’ என்ற பழைய மேடை நாடகத்துப் பாட்டின் மெட்டை ஃபிரிப் சும்மா தொட்டுவிட்டுப் போவார். மூன்று பேர் ராத்திரி வேலையெல்லாம் முடிந்து, சத்தம் போடாமல் பேசிக்கொள்வதை அடுத்த அறையிலிருந்து கேட்கிற மாதிரி எனக்கு இருக்கும். இந்தக் குழு பதினோரு மாதத்தில் உடையப் போகிறது என்று தெரிந்த பிறகு கேட்டால், அவர்கள் ஒருவரையொருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்ட இடம் இது என்பது மனசைப் பிசைகிறது.

அப்புறம் முக்கியமான காரணம். ‘மூன்சைல்ட்’ அடங்கி அடங்கி, ஒன்றுமே இல்லை என்ற நிலைக்கு வந்து முடியும். உங்கள் காது அதற்குள் சின்னச் சத்தத்துக்கும் பழகியிருக்கும். அப்போது ஜைல்ஸ் ஒரு உருட்டு உருட்டுவார், தலைப்புப் பாட்டு மெல்லோட்ரானோடு எழும். கூரை பிளந்து ஆகாயம் தெரிகிற மாதிரி இருக்கும். ‘மூன்சைல்டை’ விட்டுவிட்டு நேராக அங்கே போனால் அது வெறும் நல்ல பாட்டு. பன்னிரண்டு நிமிடம் காத்திருந்து போனால்தான் அரண்மனைக் கதவு திறக்கும். ‘மார்ஸ்’ அங்கே இருந்திருந்தால் சத்தத்துக்குப் பின்னால் சத்தம், அவ்வளவுதான்.

‘ரெட்’ பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அதில் ‘ஒன் மோர் ரெட் நைட்மேர்’, ‘ஸ்டார்லெஸ்’ இரண்டிலும் ஆல்டோ சாக்ஸ் வாசிக்க யார் வந்தார் என்று பாருங்கள். மெக்டொனால்ட்! ஐந்து வருடம் கழித்து, விருந்தாளியாக. அவர் மறுபடி நிரந்தரமாகச் சேர்வார் என்ற பேச்சு வந்த நேரத்தில்தான் ஃபிரிப் குழுவையே கலைத்தார். உங்கள் உச்சத்திலும் என் ஆள் இருக்கிறார்.

---

எதிர்ப்பாட்டு எழுதியது:

‘ஸ்டார்லெஸ்’ விஷயத்தில் நான் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசி இரண்டு நிமிடம் சாக்ஸ் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது.

‘மூன்சைல்ட்’ காத்திருக்க வைக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்கு ஒன்பதரை நிமிடம் வேண்டுமா என்பதே என் கேள்வி. ஐந்து நிமிடத்திலேயே காது பழகிவிடும். 2009 வெட்டு எனக்குச் சரியான அளவாகப் படுகிறது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, பரவாயில்லை.

---

கருந்தட்டு எழுதியது:

‘மூன்சைல்டை’ எந்தப் பதிப்பில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தச் சண்டையே மாறும். என் கதையைச் சொல்கிறேன்.

நான் முதலில் வாங்கியது பழைய எல்பி, இரண்டாம் கை. வாங்கிய கடையில் கேட்டுப் பார்க்க விடவில்லை, கீறல் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டாம் பக்கம் போட்டால், சரியாக அந்த அமைதியான பகுதியில் சுற்றுக்கு ஒரு ‘டிக்’. ஒன்பது நிமிடமும் டிக், டிக். மூன்று வருடம் அப்படித்தான் கேட்டேன். பிறகு சிடி வாங்கினேன். அதில் டிக் இல்லை, ஆனால் எல்லாமே போர்வை போர்த்தினது போல மங்கலாக இருந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. இந்த ஆல்பத்தின் மூல ஸ்டீரியோ டேப் வேறெங்கோ தவறாக அடுக்கப்பட்டுப் பல வருடம் காணாமல் கிடந்தது. அதுவரை வந்த சிடிக்கள் எல்லாம் நகலின் நகலில் இருந்து செய்தவை. மூல டேப் கிடைத்து 2004இல் ஒரு பதிப்பு வந்தது. அதைப் போட்ட ராத்திரிதான் வைப்ரஃபோனில் குச்சி படும் சத்தமும், பட்ட பிறகு அது நடுங்கி ஓயும் சத்தமும் தனித்தனியே என் காதில் விழுந்தன. ஆக ‘மூன்சைல்ட்’ எனக்கு வயது ஏறிய பிறகுதான் கிடைத்தது.

2009 மிக்ஸ் வேறு கணக்கு. வெஸ்ஸெக்ஸில் எட்டு ட்ராக்தான், அதாவது தனித்தனியே பதிய எட்டுத் தடங்கள்தான், இருந்தன. மெக்டொனால்ட் அடுக்கடுக்காக வாசித்துக்கொண்டே போனதால், வாசித்ததையெல்லாம் சேர்த்து ஒரு ட்ராக்கில் நகலெடுத்து, காலியான ட்ராக்குகளில் மறுபடி பதிந்தார்கள். ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் தெளிவு போகும். வில்சன் அந்த நகலெடுப்புக்கு முந்திய டேப்புகளுக்கே போய் மிக்ஸ் செய்தார். அதனால் மெல்லோட்ரானும் குழல்களும் ஒன்றோடொன்று கலங்காமல் நிற்கின்றன. தலைப்புப் பாட்டைப் பழையதிலும் புதியதிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள், மெக்டொனால்ட் எத்தனை அடுக்கு வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கும். மழைக்காதின் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

---

அட்டைப்படம் எழுதியது:

இசை பற்றி எனக்கு உங்கள் அளவுக்குத் தெரியாது. நான் ஓவியம் வரைகிறவள். இந்த ஆல்பத்தை நான் வாங்கியதே அட்டைக்காக.

வரைந்தவர் பேரி காட்பர். சின்ஃபீல்டின் நண்பர். வேலையோ கம்ப்யூட்டர் புரோகிராமர். அவர் செய்த ஆல்பம் அட்டை இது ஒன்றுதான். 1970 பிப்ரவரியில், தட்டு வெளிவந்து நாலைந்து மாதத்தில், மாரடைப்பில் இறந்துவிட்டார். 24 வயதுகூடத் தாண்டவில்லை. முன்னட்டையில் எழுத்தே கிடையாது. குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை. அலறும் முகம் மட்டும். பெரிய மூக்குத் துவாரங்கள், உள்நாக்கு வரை தெரியும் வாய், பக்கவாட்டில் பார்க்கிற கண். நீலமும் சிவப்பும் ஈரம் காயாத மாதிரி ஓடியிருக்கும்.

எனக்கு அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் படம். விரித்தால் ஒரு சிரிக்கும் முகம் இருக்கும். வெளியே இருப்பது ஸ்கிட்ஸாய்ட் மேன், உள்ளே இருப்பது கிரிம்சன் கிங் என்று ஃபிரிப் சொல்லியிருக்கிறார். சிரிக்கிற வாயை மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள், அதில் எவ்வளவு சோகம் என்று தெரியும் என்றும் சொன்னார். நான் உள்ளங்கையை வைத்து மறைத்துப் பார்த்தேன். கையை வைத்த உடனே முகம் மாறியது. அழுது ஓய்ந்தவன் கண். கையை எடுத்தேன், சிரித்தான். திரும்ப வைத்தேன். எத்தனை முறை செய்தேனோ தெரியாது. ஒரே முகத்தில் இரண்டையும் வைக்க, அந்தக் கீழ் இமையில் காட்பர் போட்டிருக்கும் சின்ன வளைவு போதுமாக இருந்திருக்கிறது. பல வருடம் வரைந்தும் எனக்கு அது கைவரவில்லை.

மூல ஓவியத்தை மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் வெயில் படும் இடத்தில் மாட்டி வைத்திருந்தார்களாம். வீணாகிவிடும் என்று ஃபிரிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்காகவே அவர் மீது எனக்குத் தனி மரியாதை.

---

புதுச்செவி எழுதியது:

அக்கா, கையில் எல்பி இல்லை. போனில் படத்தைப் பெரிதாக்கி விரலால் மறைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது நிஜம்.

---

மழைக்காது எழுதியது:

அட்டைப்படம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய் என் தட்டை எடுத்துப் பார்த்தேன். இருபது வருடமாக வீட்டில் இருக்கிறது, வாயை மறைத்துப் பார்த்ததில்லை. நன்றி.

நீங்கள் சொன்னதும் எனக்கு மெக்டொனால்ட் நினைவுக்கு வந்தார். 2022இல் டோபி ஏமிஸ் எடுத்த கிங் கிரிம்சன் ஆவணப்படம் வந்ததே, அதில் மெக்டொனால்ட் பேசுகிறார். 1969இல் விட்டுப் போனதைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்து, ஃபிரிப்பின் மனதைப் புண்படுத்தியதற்காக மன்னிப்புக் கேட்கிறார். ஐம்பது வருடம் கழித்து. அந்தப் படம் முதன்முதலில் திரையிடப்பட்டது 2022 மார்ச்சில். மெக்டொனால்ட் அந்த பிப்ரவரியிலேயே போய்விட்டார். லேக் 2016 டிசம்பரில், சின்ஃபீல்ட் 2024 நவம்பரில். இவ்வளவு தெரிந்த பிறகு ‘ஐ டாக் டு த விண்ட்’ முடிவில் அந்தக் குழல் போய்க்கொண்டே இருப்பதைக் கேட்டால் என்னால் உடனே அடுத்த பாட்டுக்குப் போக முடிவதில்லை. நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிடுகிறேன்.

2014இலிருந்து மூன்று டிரம்மர்களோடு ஃபிரிப் திரும்ப மேடையேறியபோது ‘எபிடாஃப்’, தலைப்புப் பாட்டு இரண்டையும் மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். பல வருடம் தொடாமல் வைத்திருந்த பாட்டுகள். ஜாக்கோ பாடினார், மெல் காலின்ஸ் சாக்ஸும் குழலும் வாசித்தார். அந்தப் பதிவுகளையும் கேளுங்கள். மெக்டொனால்ட் எழுதிய குழல் பகுதிகளைக் காலின்ஸ் எவ்வளவு பத்திரமாக ஏந்திக்கொண்டு போகிறார் என்று தெரியும்.

---

விசைப்பலகை எழுதியது:

யாரும் தலைப்புப் பாட்டின் முடிவைச் சொல்லவில்லையே! பாட்டு பெரிதாக ஒலித்து முடிந்துவிடும். எழுந்து தட்டை எடுக்கப் போவீர்கள். அப்போது பொம்மை ஆர்கன் மாதிரி சின்னதாக, கீச்சென்று, அதே மெட்டு ஒலிக்கும். திருவிழாவில் ராட்டினத்தோடு வாசிப்பார்களே, அந்த மாதிரி. உடனே முழுக் குழுவும் இரண்டு மடங்கு வெறியோடு திரும்ப வந்து, ஏறிக்கொண்டே போய், கத்தரித்தது போல் சட்டென்று நின்றுவிடும். ஃபேட் அவுட் கிடையாது. முதல் தடவை கேட்டபோது கரண்ட் போய்விட்டது என்று விளக்கைப் பார்த்தேன்.

---

நடைதாளம் எழுதியது:

அந்தக் கடைசி ஓட்டத்தில் ஜைல்ஸ் வாசிப்பதை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

---

புதுச்செவி எழுதியது:

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு எல்லாரும் தூங்கிய பிறகு ஹெட்ஃபோன் போட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டாம் பக்கத்தை முதலிலிருந்து கேட்டேன். 2009 வெட்டு வேண்டாம் என்று முழு ‘மூன்சைல்ட்’ எடுத்தேன்.

முதல் மூன்று நிமிடம் கஷ்டமாக இருந்தது. எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மழைக்காது அண்ணா சொன்னபடி, யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று மட்டும் கவனித்தேன். ஓர் இடத்தில் மூன்று பேருமே நின்றுவிட்டார்கள். ஒரு நொடி, இரண்டு நொடி. வெளியே தெருவில் ஒரு சைக்கிள் போகும் சத்தம் ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேட்டது. அப்புறம் வைப்ரஃபோனில் ஒரே ஒரு தட்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதன் பிறகு அந்த டிரம்ஸ் உருட்டல் வந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே தூக்கிப் போட்டது. எதிர்ப்பாட்டு அண்ணா மன்னிக்கவும், எனக்கு இப்போது ஒன்பதரை நிமிடமும் வேண்டும்.

மெக்டொனால்ட் இதற்குப் பிறகு என்ன செய்தார்? எதைக் கேட்கலாம்?

---

எதிர்ப்பாட்டு எழுதியது:

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. சந்தோஷம். இன்றைக்கு ராத்திரி நானும் முழுசாக ஒரு தடவை போடுகிறேன்.

---

கருந்தட்டு எழுதியது:

புதுச்செவி, விலகிய இருவரும் சேர்ந்து 1970இல் ‘மெக்டொனால்ட் அண்ட் ஜைல்ஸ்’ என்ற பெயரிலேயே ஓர் ஆல்பம் பதிந்தார்கள். அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் பக்கம் முழுக்க ‘பேர்ட்மேன்’ என்ற ஒரே தொடர்ச்சிதான், வரிகள் சின்ஃபீல்ட். முதல் பக்கத்தில் ‘சூட் இன் சி’யில் ஸ்டீவ் வின்வுட் வந்து ஆர்கன் வாசித்திருக்கிறார். கிரிம்சனில் இருந்த இருட்டு இதில் இல்லை, வெயில் அடிக்கிற ஆல்பம். பாஸ் வாசித்தவர் மைக்கேலின் தம்பி பீட்டர் ஜைல்ஸ். பிறகு 1976இல் மெக்டொனால்ட் ஃபாரினர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அது முற்றிலும் வேறு தெரு, அதைப் பிறகு பார்க்கலாம்.

---

மழைக்காது எழுதியது:

‘பேர்ட்மேன்’ கேட்கும்போது பறக்க ஆரம்பிக்கிற இடத்தைக் கவனியுங்கள் புதுச்செவி. குழலும் சாக்ஸும் அடுக்கடுக்காக ஏறும், யார் வைத்த அடுக்கு என்று இனி உங்களுக்கே தெரியும். நாளை ராத்திரி பத்து மணிக்கு நானும் அதைத்தான் போடப்போகிறேன். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுங்கள், ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள்.